மலைக் குளிரில் உள்ளறைச் செடி வளர்ப்பு: வயரிங்கை ஹீட்டரிலிருந்து தொடங்குங்கள்

ரேக் வந்தாச்சு, எல்.இ.டி. விளக்கும் வந்தாச்சு, இனி ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் பிளக்கைச் செருக வேண்டியதுதான் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய ஸ்டோர் ரூமிலோ பின்னறையிலோ மைக்ரோகிரீன்ஸ், லெட்யூஸ் நாற்று, துளசி வகைகள் போட நினைத்தால் இது அப்படியே பொருந்தும். கொடைக்கானலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பாதி அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே வீட்டு பிளக்கில் 120 வோல்ட். அதே வாட்டுக்கு ஆம்பியர் நம்மைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கணக்கை இங்கே காப்பி அடிக்காதீர்கள். நம் சமவெளி நண்பர்களின் வீடியோவும் உதவாது. அவர்களுக்கு அறையைக் குளிர்விப்பது எப்படி என்பதே தலைவலி. நமக்கு நேர்மாறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். அதனால் இங்கே வயரிங்கைத் தீர்மானிப்பது விளக்கு இல்லை. ஹீட்டரும் ஈரமும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டம் போடுவது உங்கள் வேலை, கம்பியில் கை வைப்பது லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. ஆனால் திட்டத்தையும் அவரிடமே விட்டால், சமையலறைக்குப் போடுவது போல ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

1. பேப்பரில் லோடு கணக்கு

ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரேக், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு, தட்டுக்கு இரண்டு 20 வாட் டியூப்: மொத்தம் 320 வாட். ஆயில் ஹீட்டர் 2,000. ஈரத்தை உறிஞ்சும் டிஹியுமிடிஃபையர் 300. காற்றைச் சுழற்ற இரண்டு ஃபேன் 100, எக்ஸாஸ்ட் 50, சின்ன பம்ப் 40. கூட்டினால் 2,810 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 12.2 ஆம்பியர். இதில் ஹீட்டர் மட்டும் 8.7.

மணிக்கணக்கில் ஓடும் லோடை எம்.சி.பி.யின் (அளவுக்கு மேல் கரன்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்) அளவில் எண்பது சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. அதாவது 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 12.8 வரை. நம் கணக்கு அதில் விளிம்பில் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே சர்க்யூட்டில் தொங்கவிடாமல் பிரிப்பது இதனால்தான்.

அப்புறம் லோ வோல்ட்டேஜ். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் 190 வோல்ட் வந்தால், 2,000 வாட் ஹீட்டர் சுமார் 1,365 வாட்தான் கொடுக்கும். எல்.இ.டி. டிரைவர், அதாவது விளக்குக்கு ஏற்றபடி கரன்ட்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி, அப்படி இல்லை. வெளிச்சத்தைக் குறைக்காமல் இருக்க அதிக ஆம்பியர் இழுக்கும். வாங்கும்போது டிரைவரின் லேபிளில் உள்ள வோல்ட்டேஜ் வரம்பைப் படியுங்கள். கீழ் வரம்பு 140 அல்லது அதற்கும் குறைவாக இருப்பதையே எடுப்பேன்.

ஒரு சின்ன தந்திரம். விளக்கு இழுக்கும் 320 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். எனவே விளக்கை இரவு 8 மணிக்குப் போட்டுக் காலை 10 மணிக்கு அணையுங்கள். செடிக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சமும் ஆச்சு, குளிர் கூடிய நேரத்தில் ஹீட்டருக்கு ஒத்தாசையும் ஆச்சு.

கணக்கு கையில் வந்ததும் ஈ.பி. செக்‌ஷன் ஆபீசுக்குப் போய், உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு, விற்பனைக்கு வளர்த்தால் எந்த டாரிஃப் என்று கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் எப்போதோ எழுதிய லோடு அப்படியே இருக்கும்.

2. கம்பியும் பிரிவுகளும்

விளக்குக்குத் தனியாக 1.5 ஸ்கொயர் கம்பி (ஸ்கொயர் என்பது செம்பின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில்), 6 ஆம்பியர் எம்.சி.பி. ஃபேன், பம்ப், டிஹியுமிடிஃபையருக்கு 2.5 ஸ்கொயர், 10 ஆம்பியர். ஹீட்டருக்கு ஒரே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், 16 ஆம்பியர் எம்.சி.பி., வேறு எதுவும் அதில் சேரக் கூடாது. ஹீட்டருக்கு 2.5 ஸ்கொயர் போதும் என்பார்கள், போதும்தான். நான் 4 ஸ்கொயர் போடச் சொல்வேன். வித்தியாசம் சில நூறு ரூபாய். எல்லாம் செம்பு, எஃப்.ஆர். வகை, அதாவது தீ எளிதில் பரவாத உறை. பினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ் எதுவானாலும் சரி, ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து, தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

அறை வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். 30 மீட்டர் என்றால் கரன்ட் போய் வர 60 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்பில் 12 ஆம்பியருக்கு ஏறத்தாழ 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயரில் 3.6. ஏற்கெனவே 190 வரும் ஊரில் அந்த இரண்டரை வோல்ட்டும் காசு. வீட்டு டி.பி.யில் (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) இந்த லைனுக்குத் தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி. வைத்து, 4 ஸ்கொயரில் கொண்டுபோங்கள். மண்ணுக்குள் போனால் ஆர்மர்டு யூ.ஜி. கேபிள், அதாவது உலோகக் கவசம் உள்ள நிலத்தடிக் கேபிள். காட்டுப்பன்றி தோண்டும் தோட்டமாக இருந்தால் ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பலகை சீலிங் உள்ள பழைய வீடுகளில் பலகைக்கு மேலே வயரை வெறுமனே ஓட்டாதீர்கள். எலிக்கு அது நல்ல தீனி. சூடு காக்க தெர்மாகோல் ஒட்டுகிறவர்களுக்கும் ஒன்று: பி.வி.சி. வயர் தெர்மாகோலோடு ஒட்டிக் கிடந்தால், வயரின் மேலுறையில் உள்ள மென்மையூட்டி மெல்லக் கசிந்து வெளியேறி, உறை விறைத்து விரிசல் விடும். வயர் பைப்புக்குள் போகட்டும், பைப் தெர்மாகோலுக்கு வெளியே நிற்கட்டும்.

3. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

கடையில் இன்னும் இ.எல்.சி.பி. என்றே கேட்பார்கள், நீங்கள் வாங்க வேண்டியது, கரன்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. "எம்.சி.பி.தான் இருக்கே, அது எதுக்கு?" என்பவர்களுக்கு நம் மலை மண்ணே பதில். பாறையும் சரளையுமான இடத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்து கிடக்கும்போது, எர்த்தின் மின்தடை 20 ஓம் இருப்பது அதிசயமில்லை. ஹீட்டர் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230 வோல்ட்டை 20 ஓமால் வகுங்கள்: 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. ஹீட்டரின் இரும்பு உடம்பு கரன்ட்டோடு அப்படியே உட்கார்ந்திருக்கும், ஈரத் தரையில் நீங்கள் நிற்பீர்கள். ஆர்.சி.சி.பி. அதைக் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டும்.

எல்.இ.டி. டிரைவர்கள் இருப்பதால் 'ஏ' டைப் வாங்குங்கள், 'ஏ.சி.' டைப் வேண்டாம். காசு இருந்தால் ஹீட்டருக்கும் விளக்குக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுவது என் விருப்பம்; ஹீட்டர் டிரிப் ஆனாலும் விளக்கு எரியும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டும் பழைய வழக்கத்தை விடுங்கள். குழாய் நடுவில் எங்கோ பிளாஸ்டிக்காக மாறியிருக்கும். தனி எர்த் குழி போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

4. விடிகாலையில் டிரிப் ஆகும் கதை

நான் அதிகம் மல்லுக்கட்டிய இடம் இது. எல்லாம் புதுசு, பகல் முழுக்க ஒழுங்காக ஓடும், விடிகாலை நான்கு ஐந்து மணிக்கு ஆர்.சி.சி.பி. விழும். காலையில் எழுந்து தூக்கிவிட்டால் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. வந்து பார்ப்பவர் சொல்லும் முதல் யோசனை, "சார், இந்த இ.எல்.சி.பி.யைக் கழட்டிட்டு நேரா கொடுத்துடலாம், தொந்தரவே இருக்காது." தொந்தரவு இருக்காதுதான். கசிவு மட்டும் இருக்கும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

என் அறையில் குற்றவாளி பைப்தான். அறைக்குள் இருபது டிகிரி, ஈரக் காற்று. வெளியே ஐந்து டிகிரி. இரண்டையும் இணைக்கும், வயர் போகும் கண்டியூட் பைப்புக்குள் சூடான ஈரக் காற்று நுழைந்து, வெளிச்சுவரை ஒட்டிய குளிர்ந்த பகுதியில் தண்ணீராக மாறி, சரிவில் வழிந்து ஜங்ஷன் பாக்ஸுக்குள் சொட்டுகிறது. மழையே பெய்யாத பனிக்காலத்தில் பாக்ஸைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும்!

தீர்வு மூன்று. சுவரைத் தாண்டும் இடத்தில் பைப்பின் வாயை, கம்பிகளைச் சுற்றி, சிலிக்கான் அல்லது டக்ட் புட்டியால் அடையுங்கள். வெளியே உள்ள தாழ்ந்த பாக்ஸின் அடியில் சின்ன வடிதுளை விடுங்கள். டி.பி.யையே அறைக்குள் வைக்காமல் நடைக்கூடத்தில் வையுங்கள். வெளிச்சுவரில்தான் இடம் என்றால் ஓர் அங்குலக் கட்டையை இடையில் கொடுத்து மாட்டுங்கள். அறைக்குள் வரும் பாக்ஸ் எல்லாம் ஐ.பி. 65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத வகை), வயர் அடியிலிருந்து கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு மூடி) வழியாக உள்ளே போக வேண்டும். மேலிருந்து இறங்கும் வயர் பாக்ஸுக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறட்டும். தண்ணீர் வளைவின் நுனியில் சொட்டிவிடும். சாக்கெட் எதுவும் தண்ணீர்த் தட்டுக்குக் கீழே வரக் கூடாது.

பைப் காய்ந்திருந்தும் டிரிப் ஆனால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். காயிலின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு, மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் ஈரம் குடிக்கும். சீசனின் முதல் குளிரில் போட்டதும் கசியும். நல்ல வெயிலில் சில நாள் காயவைத்து, மெக்கர் (இன்சுலேஷன் தாங்குகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே நின்றால் ஹீட்டரை மாற்றுங்கள். மெக்கர் போடும்போது எல்.இ.டி. டிரைவர்களைக் கழற்றிவைக்க மறக்காதீர்கள். மெக்கர் கொடுக்கும் 500 வோல்ட்டை அவை தாங்காமல் போகலாம்.

அடுத்தது நியூட்ரல் குழப்பம். இரண்டு ஆர்.சி.சி.பி. இருந்து, ஒன்றின் நியூட்ரல் இன்னொன்றின் லிங்க்கில் (நியூட்ரல் கம்பிகள் சேரும் பட்டை) போய்ச் சேர்ந்திருந்தால், லோடு ஏறியதும் விழும். இதைத் தேடும்போது எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். சிங்கிள் போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. அணைந்திருந்தாலும் டிரிப் ஆகும். மெயினை அணைத்து, லிங்க்கில் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பிடிக்க முடியும். எலக்ட்ரீஷியனிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், அரை நாள் மிச்சம்.

கடைசியாக, நிறைய டிரைவர்கள். உலோக உடம்புள்ள ஒவ்வொரு டிரைவரும் எர்த்துக்குத் துளித்துளியாகக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். இயல்பான கசிவு 9, 10-ஐத் தாண்டினால் சர்க்யூட்டைப் பிரியுங்கள்.

5. டைமர், தெர்மோஸ்டாட்

திருகும் மெக்கானிக்கல் டைமர் மலிவு, ஆனால் கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும். காற்றில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரன்ட் போகும் ஊரில், ஒரு வாரத்தில் உங்கள் இரவு பகலாகிவிடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை டி.பி.யிலேயே மாட்டுங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் சின்ன டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 8.7 ஆம்பியர் ஹீட்டரை நேராக அதில் கொடுத்தால் வேலை செய்யும். இரவு முழுக்க விட்டுவிட்டு ஓடி ஓடி, ஒருநாள் அதன் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும், ஹீட்டர் அணையாது. கன்ட்ரோலர் ஒரு 25 ஆம்பியர் காண்டாக்டரை (பெரிய லோடுக்கான மின் சுவிட்ச்) இயக்கட்டும், காண்டாக்டர் ஹீட்டரை இயக்கட்டும். ஹீட்டரில் அதற்கென்று உள்ளேயே தெர்மல் கட்-ஆஃப் இருப்பதையும் உறுதி செய்யுங்கள். காயில் சிவக்கும் வகையும் புளோயரும் இந்த அறைக்கு வேண்டாம், ஆயில் ஹீட்டர் மட்டும்.

6. இடி, கரன்ட் கட்

ஏப்ரல், மே இடிமழைக்கு டி.பி.யில் ஒரு சர்ஜ் புரொடெக்டர், டைப் 2. நியூட்ரல் அறுந்து வோல்ட்டேஜ் எகிறும் ஆபத்துக்கு ஓவர் வோல்ட்டேஜ் கட்-ஆஃப் ரிலே. இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும். ஜெனரேட்டர் என்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் கரன்ட் வெளியே ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு உலை வைக்கும். கரன்ட் இல்லாத இரவில் செடி வாடுகிறதே என்று மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மலையில் இதனால் உயிர் போயிருக்கிறது.

7. முதல் ஓட்டம்

மெக்கர், போலாரிட்டி (ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்பது), ஆர்.சி.சி.பி. டெஸ்ட் மூன்றையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். நியான் டெஸ்டர் மட்டும் கொண்டு வருபவரை நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தாலும் அது அழகாக எரியும். கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை நீங்களே வாங்கி வைப்பது நல்லது. ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, பிளக்கை உருவித் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் லூஸ்.

பின்சேர்க்கை: காளான் அறைக்கும் இதே பிளான் சரியா என்று சிலர் கேட்டிருந்தார்கள். விளக்குக் கணக்கு குறையும், ஈரம் இன்னும் கூடும். பனிபோல நீர்த்துளி தெளிக்கும் ஃபாகர் வைக்கும் அறைக்குள் ஒரு சாக்கெட்கூட வேண்டாம். எல்லா சாக்கெட்டும் சுவிட்சும் கதவுக்கு வெளியே, ஒயர் மட்டும் கிளாண்ட் வழியாக உள்ளே. டியூப் லைட்டும் மூடிய ஐ.பி. 65 வகையாக இருக்கட்டும். சாதாரண டியூப் பட்டியை மாட்டினால் சீக்கிரமே அதன் முனையில் துரு ஏறிவிடும்.