டர்போ காருக்கு ஆயில் வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பாருங்கள்

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாண்ணா தாங்கும்." கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை எந்த ஸ்பேர்ஸ் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கார்ப்பரேட்டர் வைத்த பழைய அம்பாசடருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் விசிறி) உள்ள காரில் இதை நம்பி 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால், ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் பிறகு டர்போ மாற்றும் செலவாகப் பல மடங்கு பெருகி வரும்.

வெளியே அடிக்கிற வெயில் எஞ்சினுக்குள் பெரிதாக எட்டுவதில்லை. தருமபுரியில் மே மாதம் 39 டிகிரி காய்ந்தாலும், ஓசூரில் மார்கழிக் காலை 15 டிகிரியில் நடுங்கினாலும், தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். ஆயில் அதற்குச் சற்று மேலே, 100 டிகிரி சுமாரில் ஓடும். அதை 120, 130க்குக் கொண்டுபோவது பாரம். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி முழு வேகத்தில், சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏற்றம்: ஆயிலுக்குச் சோதனை இங்கேதான்.

டர்போவுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். பெட்ரோல் எஞ்சினில் டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரியைத் தொடும். டீசலில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தப் புகை சுழற்றும் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளி. அதில் ஆயில் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது. டர்போவுக்கு ஆயில்தான் பேரிங், வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதும் அதுதான். அதனால் இங்கே ஆயிலிடம் மூன்று காரியம் எதிர்பார்க்கிறோம்: ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் வந்து சேர வேண்டும், சூட்டில் படலம் கிழியக்கூடாது, கருகிக் கரியாக ஒட்டக்கூடாது.

தடிமன் எண் பாதிக் கதைதான்

5டபிள்யூ-30 என்பதில் முன்னால் இருக்கும் 5, குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது. பின்னால் இருக்கும் 30, 100 டிகிரியில் எவ்வளவு தடிமன் என்பதைச் சொல்வது. நம் ஊரில் பனி விழாதே, முன் எண் எதற்கு என்று கேட்பார்கள். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில், காலை 20 டிகிரியில்கூட 20டபிள்யூ ஆயில் 5டபிள்யூவைவிடக் கெட்டியாகவே இருக்கும். ஆயில் பம்பிலிருந்து டர்போ தள்ளி இருக்கிறது, அதற்குப் போகும் பைப்பும் மெல்லியது. கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரும் வரை தண்டு கிட்டத்தட்ட உலர்ந்தே சுற்றும். தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது அப்படித்தான்.

டின்னின் முன்பக்கம் பெரிய எழுத்தில் போடாத எண் ஒன்று உண்டு: எச்டிஎச்எஸ். 150 டிகிரியில், கடும் உராய்வில் படலம் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 டின்களில் ஒன்றுக்கு இது 2.9 ஆகவும் மற்றொன்றுக்கு 3.5க்கு மேலும் இருக்கலாம். எது எது என்று கண்டுபிடிக்க ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம்) வகுப்பைப் பாருங்கள். சி3, ஏ3/பி4 என்றால் குறைந்தது 3.5. சி2 என்றால் குறைந்தது 2.9. சி5 என்றால் 2.6க்கும் 2.9க்கும் இடையில். உங்கள் எஞ்சின் 3.5 கேட்டு வடிவமைத்தது என்றால், சி5 ஊற்றிக் கணவாய் ஏறுவது வம்பு. தலைகீழாகவும் கெடும்: சி2 கேட்கும் எஞ்சினுக்கு "இன்னும் பலமாக இருக்கட்டும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் குறையும், பிக்கப் மந்தமாகும், காலை ஸ்டார்ட்டிங்கில் டர்போ தேயும்.

பெட்ரோல் டர்போ

பாலக்கோடு–ராயக்கோட்டை சாலையில் ஒரு சின்ன மேடு வருகிறது. கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு ஐந்தாவது கியரிலேயே 1,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் முறை) உள்ள டர்போ பெட்ரோல் எஞ்சினில் எல்எஸ்பிஐ என்ற தொல்லை வருவது இந்த நேரத்தில்தான். சிலிண்டர் சுவரில் பெட்ரோலோடு கலந்த ஆயில் துளி தெறித்து, பிளக் பொறி அடிக்கும் முன்பே தீப்பற்றிக்கொள்ளும். கடுமையாக ஒருமுறை அடித்தாலே பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம்.

ஆயிலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அழுக்கை நீக்க ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சேர்மானம் அதிகமானால் இந்த வெடிப்பும் அதிகமாகிறது. அதைக் குறைத்து, ஒரு பங்கு மக்னீசியத்துக்கு மாற்றித்தான் புதிய ஆயில்களைச் செய்கிறார்கள். ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் தர வகுப்புகளில் 2018இல் வந்த எஸ்என் பிளஸ், 2020இல் வந்த எஸ்பி இரண்டிலும் இதற்கென்றே தனிச் சோதனை உண்டு. எஸ்பியில் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது. 2025இல் எஸ்க்யூவும் வந்துவிட்டது. மேனுவலில் எஸ்என் என்று இருந்தால் எஸ்பியோ எஸ்க்யூவோ தாராளமாக ஊற்றலாம். தடிமன் எண் மட்டும் அதே எண்ணாக இருக்கட்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு வெறும் எஸ்என், அதற்கு முந்தைய எஸ்எம் டின்களை எடுக்கவே வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அதில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஃபோர்டு சொன்னது 5டபிள்யூ-20, அதுவும் அவர்களுடைய 948-பி அங்கீகாரத்தோடு. கண்ட ஆயிலை ஊற்றினால் பெல்ட் ரப்பர் உரிந்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வடிகட்டியை அடைக்கும், ஆயில் பிரஷர் விழும், டர்போவும் தப்பாது.

டீசலில் சாம்பல் கணக்கு

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரிப்புகையை வண்டியே 600 டிகிரி சுமாரில் எரித்துவிடும். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானம் எரிந்து விடும் சாம்பலை எரிக்க முடியாது. அது அப்படியே தங்கும், கொஞ்சம் கொஞ்சமாக வழியை அடைக்கும். அதனால்தான் ஏசிஇஏ சி2, சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஏ3/பி4இல் அது 1 முதல் 1.6 சதவீதம் வரை போகலாம். லாரிக்கும் டிராக்டருக்கும் ஊற்றும் 15டபிள்யூ-40 சிஐ-4 (ஏபிஐயின் டீசல் வகுப்பு) ஆயிலும் இந்த வகையில் மோசம்தான். வீட்டில் டிராக்டருக்கு வாங்கிய டப்பாவில் அரை டப்பா மீதி இருக்கிறதே என்று பிஎஸ்6 காரில் கவிழ்க்காதீர்கள். டிபிஎஃப் இல்லாத பழைய டர்போ டீசல் என்றால் கதை வேறு. மேனுவல் அனுமதித்தால் அதே 15டபிள்யூ-40 சிஐ-4 நன்றாகவே உழைக்கும்.

டிபிஎஃப் வண்டியில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டவுனுக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து வீடு என்று ஓட்டினால் கரி எரிக்கும் வேலை பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேலே ஏறினால் "ஆயிலே குறையவில்லை, நல்ல எஞ்சின்" என்று சந்தோஷப்பட வேண்டாம். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால், கி.மீ. கணக்கு முடியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் 20–30 நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் இது பெரும்பாலும் வராது.

கடையில்

போகும் முன்பே மேனுவலின் கடைசிப் பகுதியில் உள்ள அளவுப் பட்டியலைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியது மூன்று: தடிமன் எண், ஏபிஐ அல்லது ஏசிஇஏ வகுப்பு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர். ஒரே பெயரில் இரண்டு பெட்ரோல் எஞ்சின் விற்கும் வண்டிகளில் சறுக்கல் அதிகம். ஃப்ரான்க்ஸில் 1.2ம் உண்டு, 1.0 டர்போவும் உண்டு, வென்யூவும் அப்படியே. "பெட்ரோல்தானே சார்?" என்று கேட்டுவிட்டுக் கடைப்பையன் டர்போ இல்லாத எஞ்சினின் ஆயிலை எடுத்து வைப்பான். மேனுவலிலும் இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரியில் இருக்கும், கவனம்.

டின்னைத் திருப்பினால் பின்பக்கம் வகுப்புகள் வரிசையாக இருக்கும். "அப்ரூவ்டு" என்றால் கார் கம்பெனி சோதித்து அனுமதித்தது. "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்" என்றால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. ஃபோக்ஸ்வாகன் 504 00/507 00, 508 00 போன்ற எண்ணை மேனுவல் கேட்டிருந்தால் அதே எண் டின்னில் இருக்க வேண்டும். குறிப்பாக 508 00 மெல்லிய 0டபிள்யூ-20. அதைப் பழைய 502 00 எஞ்சினுக்கு ஊற்றக்கூடாது. முன்பக்கத்தில் பொன்னிற எழுத்தில் "ஃபுல்லி சிந்தடிக்" என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டர்போவுக்குச் சிந்தடிக் வேண்டும்தான். ஆனால் தவறான வகுப்புச் சிந்தடிக்கும் தவறான ஆயில்தான்.

பேரலிலிருந்து பிடித்துத் தரும் லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். மூடி வளையம் முறியாமல் இருக்கிறதா, டப்பாவிலும் லேபிளிலும் பேட்ச் எண் ஒன்றுதானா, சுரண்டிப் பார்க்கும் கோடு ஏற்கெனவே சுரண்டப்பட்டதா என்று பார்த்து, பில் வாங்குங்கள். கூடவே விற்கும் சேர்மான பாட்டில், பத்து நிமிட எஞ்சின் ஃப்ளஷ் இரண்டையும் தவிர்த்துவிடலாம். பழைய எஞ்சினில் ஃப்ளஷ் பெயர்க்கும் கசடு டர்போவின் ஆயில் பைப்பில் போய்ச் சிக்கும்.

ஊற்றும்போது

எஞ்சினை ஐந்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும் வரை, குறைந்தது கால் மணி நேரம், வடியட்டும். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரின் ரப்பரில் புது ஆயில் தடவி, ரப்பர் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்ற நீங்கள்தான் படுவீர்கள்.

மேனுவல் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகும் ஒரு நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள், ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். புது ஃபில்டர் காலியாக இருக்கிறது, அது நிரம்பிய பிறகுதான் டர்போவுக்கு ஆயில் போகும். "சத்தம் பார்க்கலாம்" என்று உறுமவிடும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி மீதியை ஊற்றுங்கள்.

மேல்கோட்டைத் தாண்டக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. டர்போவில் உள்ள சீல் ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம்தான். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து சம்ப்புக்கு இறங்க வேண்டும். சம்ப்பில் அளவு கூடினாலோ, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப் அடைத்திருந்தாலோ அந்த ஆயில் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டி ஒழுகும். நீலப் புகை வரும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப் நனையும். உடனே "டர்போ போச்சு" என்று கழற்றிவிடுவார்கள். முதலில் அளவையும் பிரீதரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றும் கணக்கு

மேனுவலில் 10,000 அல்லது 15,000 கி.மீ. என்று இருப்பது நல்ல சாலைக்கு. அதே மேனுவலில் கடுமையான பயன்பாடு என்று இன்னொரு கணக்கும் இருக்கும். தூசி, மலைச்சாலை, குறுகிய ஓட்டம் எல்லாம் அதில் வரும். கிரானைட் குவாரிப் பக்கம் தினமும் போகிறவர், டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர் 5,000 கி.மீ.க்கு மாற்றுவது நல்லது. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு 7,500 வரை தாராளம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குவாரித் தூசிக்கு ஏர் ஃபில்டரையும் இதே கண்ணோடு பாருங்கள். விளிம்பில் இடைவெளி இருந்தால் மணல் டர்போ விசிறியை அரித்து, ஆயிலிலும் இறங்கும்.

நல்ல ஆயில் ஊற்றியும் கருகுவதற்கு வழி ஒன்று இருக்கிறது. தொப்பூர் ஏறி முடித்த கையோடு டீக்கடையில் ஓரங்கட்டிச் சட்டென்று அணைப்பது. ஆயில் ஓட்டம் நின்றுவிடும், புகைப் பக்கத்துச் சூடு தண்டு வழியே பேரிங்குக்கு ஏறும்; அங்கே தேங்கிய ஆயில் கரியாகும். கடைசி இரண்டு, மூன்று கி.மீ. மெதுவாக ஓட்டி வந்தால் நின்ற பிறகு அரை நிமிட ஐடில் போதும். ஏற்றத்திலிருந்து நேரே நின்றால் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். டீ வருவதற்கே அதற்கு மேல் ஆகும்.