சரண்டர் லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள்

கிருஷ்ணகிரியில் வண்டிக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். பாக்கியே இல்லாத வண்டியை, ஃபைனான்ஸ் கம்பெனிக்காக வண்டி பறிமுதல் செய்யும் சீசிங்காரர்கள் தூக்கிவிட்டார்கள் என்று அடிக்கடி யாராவது வருகிறார்கள். பத்து வருடம் முன்பு பழைய வண்டிக்காரர்கள் செய்த தவறுகளையேதான் இப்போது வண்டி ஓட்டும் பையன்களும் செய்கிறார்கள். ரசீதைத் தொலைக்காதே என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். மற்ற தவறுகள் இவை.

சரண்டர் லெட்டர்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர், கடைசித் தவணை வரை கட்டி, கடன் முடிந்தது என்று கம்பெனி தரும் என்ஓசியும் வாங்கியவர். பிக்கப்பில் மாங்காய் லோடோடு கூழ் ஃபேக்டரிக்குப் போனவரை வழியில் மறித்தார்கள். அவர்கள் பட்டியலில் இன்னும் பாக்கி காட்டியதாம். "ஒண்ணும் இல்லண்ணா, ஆபீஸ்ல பேசிக்கலாம், இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்று தாளை நீட்ட, மாங்காய் வெயிலில் வேகிறதே என்ற பதற்றத்தில் போட்டுவிட்டார். தவணை கட்ட இயலாததால் என் விருப்பத்தின் பேரில் வண்டியை ஒப்படைக்கிறேன் என்று அதில் இருந்தது.

புகார் அதோடு படுத்துவிட்டது. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், நீங்களே கொடுத்ததாக எழுதியிருக்கிறதே என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால், பாக்கி இல்லாமலா கையெழுத்துப் போட்டீர்கள் என்று திருப்புகிறார்கள். கணக்கைப் பார்த்து வண்டியை விடுவதற்குள் மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. ஸ்டெப்னியும் தார்ப்பாயும் திரும்பி வரவே இல்லை.

கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஏஜென்ட்டின் அடையாள அட்டை, கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் இரண்டையும் கேட்டு போட்டோ எடுங்கள். கைகலப்பு வேண்டாம். மீறி எடுத்துப் போனால் ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, லோடு எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். 'என் சம்மதமில்லாமல்' என்பது புகாரில் கட்டாயம் இருக்கட்டும். கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது.

"ஒரு டியூ கட்டி எடுத்துக்கலாம்"

ஏஜென்ட் இப்படிச் சொன்னால் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள்.

ஹெச்பி கேன்சல்

என்ஓசி பீரோவில் தூங்கினால் பயனில்லை. ஃபார்ம் 35-ஓடு ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயரை எடுக்க வேண்டும். காவேரிப்பட்டணத்துக்காரர் இதையும் செய்யவில்லை.

போனில் கத்துவது

வீண். கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில் வந்த அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எடுத்த எடுப்பில் ஆம்புட்ஸ்மேன்

முதலில் கம்பெனிக்குப் புகார் போக வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால்தான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன். உதவி எண் 14448. ஊரில் நடக்கும் சின்ன ஃபைனான்ஸுக்கு அந்த வழி பெரும்பாலும் ஆகாது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

சிபில்

யார் எப்படிக் கடன் கட்டினார்கள் என்று பதிந்து வைக்கும் இடம் இது. வண்டி வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் அடுத்த லோனுக்குப் போகும்போது பழைய 'பாக்கி' எட்டிப் பார்க்கும். தவறான பதிவைப் பற்றிப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.