பழைய சாலையில் நெடும்பயணம்: திட்டமிடும்போதே செய்யும் தவறுகள்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து விரைவுச்சாலையில் வடக்கே போகிறவர்கள் எங்கள் ஊரைப் பார்க்கவே முடியாது. ஜெலப்பாங் தாண்டியதும் அந்தச் சாலை மலையேறி, மெனோரா சுரங்கப்பாதை வழியாகக் கோலகங்சார் பக்கம் இறங்கிவிடுகிறது. ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில் வருகிறவர்களுக்குத்தான் செம்மோரும் அதற்கடுத்துச் சுங்கை சிப்புட்டும். நாங்கள் அதைப் பழைய சாலை என்றே சொல்வோம். விரைவுச்சாலை வருவதற்கு முன் தெற்கு முனையில் ஜொகூர்பாருவுக்கும் வடக்கு எல்லையில் புக்கிட் காயு ஈத்தாமுக்கும் இடையே ஓடிய லாரியும் பஸ்ஸும் எங்கள் கடைத்தெருவைத் தொட்டுக்கொண்டுதான் போயின.

இப்போது அந்தச் சாலையை ஒருமுறை முழுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பல குடும்பங்கள் கிளம்புகின்றன. மனம் நிறைந்த ஆசை அது. ஆனால், விரைவுச்சாலைப் பயணத்துக்குப் போடும் கணக்கையே இதற்கும் போட்டுவிட்டு, பாதி வழியில் களைத்துப்போய், விரைவுச்சாலையில் ஏற டோல் சாவடியைத் தேடுகிறார்கள்.

முதல் தவறு கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது. 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு விரைவுச்சாலை 772 கி.மீ. நீளம். அதை ஒரே நாளில் கடந்தவர்கள் நம்மில் ஏராளம். பழைய சாலையும் ஏறக்குறைய அதே தூரம்தானே, இரண்டு நாள் போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது. ஊருக்கு ஊர் சமிக்ஞை விளக்கு, பள்ளி விடும் நேரக் கூட்டம், முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி ஊர்ந்து போகும் லாரி. மணிக்கு 50 கி.மீ. என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. நாளுக்கு 150 கி.மீ., மொத்தம் ஐந்து ஆறு நாட்கள் என்பதே என் கணக்கு. அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் பாதிச் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை போனாலே இரண்டு நாட்களுக்குப் பார்க்க இருக்கிறது.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று பலர் யோசிப்பதே இல்லை. போர் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் வடக்கிலிருந்து தெற்கே வர வேண்டும். ஜப்பானியப் படை வந்த திசை அதுதான். 1941 டிசம்பரில் ஜித்ரா. ஆண்டின் கடைசி நாட்களில் தொடங்கி 1942 ஜனவரி 2 வரை கம்பார். ஜனவரி 7 விடியற்காலையில் துரோலாக்கிலிருந்து சிலிம் ரீவர் வரை இருபுறமும் ரப்பர் மரங்கள் நின்ற இதே சாலையில் டாங்கிகள் காவல் அரண்களை உடைத்துக்கொண்டு வந்தன. ஜனவரி 14 அன்று கிம்மாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து தாக்கினார்கள். சாலையே இந்த வரிசையில் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். தெற்கிலிருந்து புறப்பட்டால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதாக ஆகிவிடும். இதையெல்லாம் வீடு திரும்பியபின் படித்து, அந்த இடத்தைத்தான் கடந்து வந்தோமா என்று வருந்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்தால் போதும்.

சாலையைவிட்டு அரைக் கிலோமீட்டர்கூட விலகமாட்டேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். 1877-இல் ரப்பர்க் கன்றுகளை நட்ட ஊர் கோலகங்சார். அந்தத் தொடக்க கால மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பால்மரத்தை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் அதைப் பார்க்காமல் போகலாமா? சுங்கை பட்டாணியை நெருங்கும்போது மெர்போக் பக்கம் திரும்பினால் பூஜாங் பள்ளத்தாக்கு. இராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரத்தோடு இணைத்துப் பேசப்படும் நிலம் அது. எங்கள் ஊருக்கு வந்தால் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியின் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். சிறு துண்டுகளாக விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் துரத்தப்பட்ட காலத்தில், அவர்கள் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கண்ட முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது.

அடுத்தது கைப்பேசி வரைபடம். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டும் எழுதினால் அது உங்களை விரைவுச்சாலையில்தான் ஏற்றும். டோல் வேண்டாம் என்று குறித்தாலும் புறவழிச்சாலையில் ஊரைச் சுற்றிக் கொண்டுபோய்விடும். ஊர்களை ஒவ்வொன்றாக இடைநிறுத்தமாக எழுதுங்கள்: தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரீவர் என்று. சாலைப் பலகையில் 1 என்ற எண் தெரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டே வரட்டும்.

வரைபடத்துக்குத் தெரியாத ஒரு கணக்கும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இடத்தைக் கட்டையால் சொல்வார்கள்: பதினாலாம் கட்டைக் கோயில், ஏழாம் கட்டைக் கடை. கட்டை என்றால் மைல்கல். அருகிலுள்ள பெரிய ஊரிலிருந்து எண்ணி வந்தது. ஒரு மைலுக்கு 1.6 கி.மீ. என்று பெருக்கினால் பதினாலாம் கட்டை 22 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். எந்த ஊரிலிருந்து எண்ணியது என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் ஓட்டாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே பல மைல்களுக்கு விளக்குக் கம்பம் கிடையாது. பின்விளக்கு இல்லாத மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். பெரும்பாலான இடங்களில் போக ஒரு தடம், வர ஒரு தடம். முந்திச் செல்லும் அவசரத்தில்தான் உயிர் போகிறது. கூட்டரசு சாலையில் வேக வரம்பு மணிக்கு 90 கி.மீ., பண்டிகைக் காலத்தில் 80 ஆகக் குறைப்பார்கள். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் கொட்டும். விடியலில் கிளம்பி நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் புகுந்தால் கிடைக்கும். ஆனால், விரைவுச்சாலை ஓய்விடங்களைப் போலக் கழிப்பறை வழியெங்கும் இருக்காது. பெட்ரோல் நிலையத்தைக் கண்டால் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் நாள் குறிக்கும்போது மறக்க வேண்டாம்.

தங்கும் விடுதியை எல்லா இரவுக்கும் முன்பணம் கட்டிப் பதிவு செய்வது எனக்குப் பெரிய இழப்பைத் தந்த தவறு. முதல்முறை தெற்கிலிருந்து வந்தோம். இரண்டாம் நாள் சிகாமட்டில் புறப்பட்டு, இரவு கோலாலம்பூரில் அறை. கிம்மாஸ் தாண்டியதும் பின்னிருக்கையில் இருந்த அத்தை கண்ணாடியை இறக்கி, "தம்பி, அதோ எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில்" என்றார். செம்பனை மரங்களுக்கு மேலே கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. திருமணமாகிச் சுங்கை சிப்புட்டுக்கு வரும் வரை அத்தை அங்கேதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நேரமாகிவிட்டது, அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று நான் நிறுத்தவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து அதற்காகவே போனோம். அப்போதும் ஒரு பிழை செய்தேன். முன்கூட்டி அனுமதி கேட்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். வாசலில் தடுப்பும் காவலரும் உண்டு. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அடையாள அட்டைகளைக் கொடுத்து, உள்ளே போகவே பிற்பகலாகிவிட்டது. பூர்வீகத் தோட்டத்தைத் தேடுகிறவர்கள் முதலில் அதன் பெயரை உறுதி செய்ய வேண்டும். முதலாளி மாற மாற நிறுவனப் பெயரும் மாறியிருக்கும். நம் மக்கள் பேச்சில் வழங்கிய பெயர் வேறாக இருக்கும். பழைய பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள், பிறந்த இடம் எழுதியிருக்கும். இன்னொரு நல்ல வழி தமிழ்ப்பள்ளி. தோட்டத்தைவிட்டு வேறு இடத்துக்கு மாறிய பள்ளிகள்கூடப் பழைய தோட்டத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கின்றன. அங்கே விசாரித்தால் வழி சொல்ல ஆள் இருப்பார்கள்.

உள்ளே தொழிலாளர்கள் குடியிருந்த லயம், அந்த வரிசை வீடுகள், இல்லை. செம்பனை வரிசைகளுக்கிடையே சிமெண்டுத் தரை மட்டும் துண்டு துண்டாகக் கிடந்தது, மேலே பாசி. அத்தை கோயிலிலிருந்து தொடங்கி, விரலை நீட்டி ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டே நடந்தார். ஆறாவதில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அடுப்படி இருந்த மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்தும் எழவில்லை, நானும் கூப்பிடவில்லை. அன்றைக்கு நாங்கள் எங்கும் அறை பதிவு செய்திருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரை அழைத்துப் போகும் நாளில் வேறு எந்த ஊரின் பெயரையும் திட்டத்தில் எழுதாதீர்கள்.