அலுமினியப் படகில் மரத்தளம் மாற்றுவது

பழைய பலகையை உடைத்து எறிந்துவிடாதீர்கள், அதையே புதுப் பிளைவுட் மேல் வைத்துக் கோடு போட்டால் அளவெடுக்கும் தலைவலி பாதி குறையும். அடியில் உள்ள ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும், படகுக்குள் தண்ணீர் ஏறினால் மிதக்க வைப்பது அதுதான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்காமலிருக்க ரசாயனம் ஏற்றிய பலகையை மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் செம்பு இருக்கும், ஈரம் பட்டால் அலுமினியத்தை அரித்து ஓட்டையே போட்டுவிடும். மரைன் பிளைவுட், அதாவது தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட் எடுங்கள். எபாக்சியை (இறுகியதும் தண்ணீர் புகவிடாத பிசின்) எல்லாப் பக்கமும் பூசுங்கள், குறிப்பாக விளிம்புகளிலும் திருகுத் துளைகளுக்குள்ளும், தண்ணீர் நுழைவது அங்கேதான். அப்புறம் மேலே கார்ப்பெட் ஒட்டலாம், சரி, ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எனக்குப் பிடிக்காது. திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; நீளம் பார்த்து வாங்குங்கள், அடித்தகட்டைத் துளைத்துவிடக் கூடாது.