ஊரில் என்ன சாப்பிடுவது, என்ன பூசுவது, எதை விட்டுவிட்டு வருவது

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி இடம் பொடிகளுக்குப் போயிருக்கும். முருங்கையிலைப் பொடி, வல்லாரைப் பொடி, பெயரே ஒட்டாத ஏதோ ஒரு சூரணம். அவற்றில் பெரும்பகுதி ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ அலுமாரிக்குள் கிடந்து வண்டு பிடிக்கும். அதே ஆட்கள் ஊரில் நின்ற நாளெல்லாம் கொத்து ரொட்டியும் சோடாவுமாகக் காலத்தைக் கழித்திருப்பார்கள். பச்சையாகக் கிடைப்பதை அங்கே நிற்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், காய்ந்ததில் சிலவற்றை மட்டும் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் யோசனை. இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எந்த மாதம் போகிறீர்கள்?

நம்மில் அதிகம் பேர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் பார்த்து ஆடி, ஆவணியில்தான் போகிறோம். அது ஊர் காய்ந்து கிடக்கும் காலம். வடக்கின் மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான். முசுட்டை, தூதுவளை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை என்று வேலியிலும் பற்றையிலும் தானாகப் படரும் இலைகள் அந்த மழைக்குப் பிறகுதான் தளதளவென்று இருக்கும். ஆவணியில் போய் நின்று “அம்மம்மா ஆய்ந்து சமைத்த அந்த இலை எங்கே?” என்று கேட்டால் யாரும் எடுத்துத் தர முடியாது.

ஆவணிக்கு அதற்கென்று சில உண்டு. பனம்பழம் விழத் தொடங்கிவிடும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் நல்ல காலம் வைகாசி, ஆனி என்பதால் கடைசிப் பழங்களாவது அகப்படலாம். பாலைப்பழமும் ஏறத்தாழ அதே காலத்துப் பழம்தான். வன்னிப் பக்கம் ஆனியில் போகிறவர்கள் தவறவிடக்கூடாது. அதன் பால் உதட்டில் ஒட்டுவதைப் பிள்ளைகள் முதலில் வெறுத்துப் பிறகு விளையாட்டாக்கிக்கொள்வார்கள். நுங்கு வேண்டுமானால் சித்திரை, வைகாசியில் போக வேண்டும். பனங்கிழங்குக்கு மார்கழி, தை. முருங்கை, பொன்னாங்காணி, கீரை வகைகள் கிணற்று இறைப்பில் வளர்வதால் சந்தையில் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

சந்தை

விடியற்காலையில் போங்கள். எட்டு மணிக்குப் பிறகு போனால் வாடிய கட்டுத்தான் மிஞ்சும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் நிற்பவர்களுக்குத் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகள் உண்டு. பலாப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் தென்மராட்சிதான், அதாவது சாவகச்சேரியும் கொடிகாமமும். வரிசையாகக் கடை போட்டிருப்பவர்களைத் தாண்டி, ஓரத்தில் சாக்கு விரித்துச் சின்னக் கட்டுகளாக நாலைந்து வகை இலை வைத்திருக்கும் வயதான அம்மாக்களைத் தேடிப் பிடியுங்கள். சண்டி இலை, முசுட்டை, குறிஞ்சா, தவசிமுருங்கை என்று தோட்டத்தில் பயிரிடாத இலைகள் அவர்களிடம்தான் வரும். எந்த இலையை எப்படிச் சமைப்பது என்று கேட்டால் சலிக்காமல் சொல்வார்கள்.

இந்த இலைகள் அரிதாகிப் போனதில் நமக்கும் பங்குண்டு. கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் நின்ற வேலிகளை வெட்டிவிட்டு, வெளிநாட்டுக் காசில் மதில் கட்டியவர்கள் நாம்தான். மதிலில் முசுட்டை படராது.

தோட்டக் கீரையை வாங்கினால் நன்றாகக் கழுவுங்கள். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் உரமும் மருந்தும் தாராளமாகப் பயன்படுகின்றன. சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் உரத்திலுள்ள நைத்திரேற்று நிலத்தடி நீர்வரை இறங்கியிருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தப் பகுதிக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

அடுப்படியில்

முருங்கையிலையில் தொடங்கலாம். பச்சை இலை 100 கிராமில் 6 முதல் 9 கிராம் வரை புரதம் இருக்கிறது. கல்சியம், இரும்புச்சத்து, வைட்டமின் ஏயாக மாறும் கரோட்டின் எல்லாமே உண்டு. வறையாகச் செய்யும்போது தேங்காய்ப்பூ சேர்ப்பது ருசிக்காக மட்டும் அல்ல. கரோட்டினை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். இறக்கிய பிறகு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். ஆனால் சாப்பிட்ட கையோடு வரும் அந்தப் பால் தேநீர் அதைக் கெடுத்துவிடும். மாமி கோபித்தாலும் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வல்லாரைச் சம்பலை எல்லாரும் ஆசையோடு தேடுவார்கள். வல்லாரை ஈரமான நிலத்தில், வாய்க்கால் ஓரத்தில் வளரும் செடி. சம்பலோ பச்சையாக அரைப்பது. வெளிநாட்டு வயிற்றோடு போய் இறங்கிய முதல் நாளே அதைச் சாப்பிடுவது புத்தியல்ல. இரண்டொரு நாள் பொறுங்கள். எங்கே பிடுங்கியது என்று தெரிந்த வல்லாரையாகப் பார்த்து, ஓடும் நீரில் பலமுறை அலசி, கடைசியாகக் கொதித்து ஆறிய நீரில் கழுவி எடுங்கள். பயமாக இருந்தால் இலைக்கஞ்சியாகக் குடிக்கலாம். சிவப்பரிசி வெந்து குழைந்ததும் இலைச் சாற்றையும் தேங்காய்ப் பாலையும் விட்டு ஒரு கொதி வரவிட்டு இறக்குவது அது. காலையில் வெறும் வயிற்றில் அதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியாது. வீட்டில் செய்ய ஆளில்லையென்றால், பெண்கள் சேர்ந்து நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா மூன்றிலும் இருக்கின்றன.

அகத்தி கைப்பு. ஆனாலும் கல்சியத்துக்கு அதை மிஞ்சிய இலை குறைவு. மருந்தை முறித்துவிடும் என்று சொல்லி, நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அகத்தி கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது பனை. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவில் கைப்பு உண்டு. அதை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட்டுத்தான் கூழுக்கோ பிட்டுக்கோ எடுக்க வேண்டும். ஊறவிடாமல் அப்படியே போடுவது வாய்க்கும் நல்லதல்ல, உடம்புக்கும் நல்லதல்ல. நார்ச்சத்து நிறைந்த உணவு என்பதால் மலச்சிக்கலோடு வருகிறவர்களுக்கு நல்ல துணை. பழத்தைப் பிழிந்து பாயில் காயவைத்த பனாட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். பனங்கட்டியைப் பற்றி ஒரு சொல்: நீரிழிவுக்காரர் பயமின்றிச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பனங்கட்டியும் சீனிதான்.

மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். குரக்கன் மாவும் அப்படியே.

நாளாந்தம் மருந்து எடுப்பவர்கள்

“இலை தழைதானே, என்ன செய்யப்போகிறது” என்ற பேச்சு ஊரில் அடிக்கடி காதில் விழும். நிறையவே செய்யும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை, முருங்கையிலை என்று சாப்பிடத் தொடங்கினால் அவற்றிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையை விட வேண்டியதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் அளவை ஏற்றி இறக்காதிருந்தால் போதும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் குறிஞ்சா, பாகற்சாறு, வெந்தய நீர் மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் சீனி கிடுகிடுவென்று இறங்கலாம், அதுவும் வெயிலில் அலையும் நாளில். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

புளிப்புக் காயான பிலிம்பிக்காயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் என்று அதன் சாற்றை டம்ளர் கணக்கில் குடிக்கச் சொல்வார்கள். அதில் ஒக்சாலிக் அமிலம் மிக அதிகம். அப்படிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கறியில் ஒன்றிரண்டு போடுவது வேறு, சாறாகக் குடிப்பது வேறு.

வைத்தியம் பார்க்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் சித்த மருத்துவம் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்துக்குள் அடங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தருவது மூலிகைச் சூரணமா, பற்பம் செந்தூரமா என்று கேளுங்கள். பின்னவை உலோகமும் பாதரசமும் சேரக்கூடியவை. முறையாகச் செய்யாதவற்றால் ஈய நஞ்சு ஏறியவர்கள் வெளிநாட்டு மருத்துவமனைகளில் படுத்திருக்கிறார்கள்.

எண்ணெய் முழுக்கும் மற்றவையும்

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தலையிலும் உடம்பிலும் தேய்த்து, அரப்பு வைத்து முழுகுவது ஊரில் நிற்கும்போது ஒரு சனிக்கிழமையாவது செய்ய வேண்டிய காரியம். பயறு, வெந்தயம், சீயாக்காய், செவ்வரத்தம் இலை, தேசிக்காய் என்று வீட்டுக்கு வீடு அரப்பின் கூட்டு மாறும். அவித்து அரைத்ததைத் தலையில் தேய்த்தால் எண்ணெயும் போகும், முடியும் வறளாது. கண்ணில் பட்டால்தான் உயிர் போகும். முழுகிவிட்டு அன்றைக்கு வெயிலில் சுற்றாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எப்படியும் தூக்கம் வரும்.

தேசிக்காயில் மட்டும் கவனம் வேண்டும். அதன் சாறு தோலில் பட்ட நிலையில் வெயிலுக்குப் போனால் நெருப்புச் சுட்டதுபோலக் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பும் வரும். முகத்துக்குத் தேசிக்காய் பூசச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பயற்றம் மாவும் தயிரும் போதும். வெயில் சுட்ட தோலுக்குக் கற்றாழைச் சோறு நல்லது. வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டுப் பூசுங்கள், அது தோலை அரிக்கும்.

மருதோன்றி இலையை அரைத்து வைப்பதென்றால் செம்மஞ்சள் நிறம்தான் வரும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கூம்புப் பசைகளில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய இரசாயனம் கலந்திருக்கும், கை வெந்துபோகும். கைக்குழந்தைக்கு இயற்கை மருதோன்றியும் வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பரம்பரையாக உள்ள நொதிக் குறைபாட்டால் அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழந்தையோடு போகிறவர்கள் இன்னும் சிலவற்றுக்கு அன்போடு “வேண்டாம்” சொல்லப் பழக வேண்டும்: மூக்கில் எண்ணெய் விடுவது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, ஒரு வயதுக்குள் தேன் தடவுவது, வேப்பெண்ணெயை வாயில் விடுவது. அப்பம்மாவின் முகம் சுருங்கும். பாசிப்பயற்றம் மாவில் குளிப்பாட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

புழுக்கொடியல், ஒடியல் மா, பனங்கட்டி, வேப்பம்பூ வடகம், குரக்கன் மா, சரக்குத்தூள். இவை காய்ந்தவை, மாதக்கணக்கில் நிற்கும். பனம்பொருட்களைப் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்தில் முத்திரையிட்ட பொதியாக வாங்கினால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்வது எளிது. மஞ்சளைத் தூளாக வாங்காமல் காய்ந்த கிழங்காக வாங்குங்கள், கலப்படத்துக்கு இடம் குறையும்.

பச்சை இலை, கறிவேப்பிலை, மாம்பழம், நடுவதற்கான விதை, கன்று எதையும் எடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2019 டிசெம்பரிலிருந்தும் சுவிற்சர்லாந்து 2020இலிருந்தும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் இவற்றை அனுமதிப்பதில்லை. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் காய்ந்த பொருளானாலும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் தண்டம்.

இலங்கையை விட்டுப் புறப்படும்போதும் கவனம் தேவை. வாசனை மரமான வல்லப்பட்டை, மருந்துக் கொடியான கடலழிஞ்சில், சந்தனக்கட்டை ஆகியவற்றை அனுமதியின்றி வெளியே கொண்டுபோனால் கட்டுநாயக்காவிலேயே பிடிபடுவீர்கள். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று யாராவது கடலழிஞ்சில் கட்டையிலோ வேரிலோ செய்த கோப்பையைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். நல்லெண்ணெயைக் கைப்பையில் வைக்க முடியாது. போத்தலின் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, பெரிய பெட்டியின் நடுவில் பழைய துவாயால் சுற்றி வையுங்கள்.