ரோட்டா (டியூட்டி அட்டவணை) போடும் முன்பே சொல்லிவிடுங்கள்: இங்கிலாந்துக்கு வரும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களும் கேர் ஹோம் வேலைக்கு வந்தவர்களும் முதலில் மறக்க வேண்டியது உள்ளூர் விடுமுறையை. ஊரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசி 20 அய்யா அவதார தினம், சிவாலய ஓட்டம் என்றால் கலெக்டரே லீவு விட்டுவிடுவார். இங்கே கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் பொது விடுமுறைதான், ஆனால் வார்டைப் பூட்ட முடியாதே, யாராவது டியூட்டி பார்த்துத்தான் ஆக வேண்டும்.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கைக்குப் பாதுகாப்பு தருகிறது, நம்பிக்கை இல்லாதவருக்கும் சேர்த்துத்தான். அதற்காகக் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்க மாட்டேன் என்று நின்ற ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வழக்கு 2013ல் அப்பீல் கோர்ட் வரை போனது. அவர் வேலை பார்த்தது குழந்தைகள் காப்பகத்தில். ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய இடம், வேறு வழியில்லை என்று கோர்ட் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. நமக்கும் பெரும்பாலும் இதே மாதிரி வேலைதான், அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட முன்கூட்டியே கேட்பதுதான் பலிக்கும்.

கேட்பது என்றால் காரிடாரில் நின்று வாயால் சொல்வது இல்லை, மின்னஞ்சல். அதுவும் "சர்ச்சுக்குப் போகணும்" என்று மொட்டையாக எழுதாமல், "மாதம் இரண்டு ஞாயிறு காலை 9 முதல் 1 மணி வரை ஆராதனை, பதிலுக்குச் சனிக்கிழமை நைட் பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். நோன்பு வைப்பவர்கள் பிரேக்கை இஃப்தார் நேரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் தகராறு வராது. விசா முதலாளி கையில் இருக்கிறதே என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் உரிமை கேட்டதற்காகப் பழிவாங்குவதையும் அதே சமத்துவச் சட்டம் தடுக்கிறது. மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், சந்தேகம் வந்தால் வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் பொது அமைப்பான ஏகாஸின் (Acas) இலவச உதவி எண்ணில் பேசுங்கள்.

உடை விஷயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கறார். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது, கல் இல்லாத ஒரு மோதிரத்தை மட்டும் விடுவார்கள், கோயில் கயிறு, வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டியதுதான். கழுத்துச் சங்கிலிக்கும் தடை வரலாம். 2013ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரே தீர்ப்பில், சிலுவை அணிந்த விமான நிறுவன ஊழியருக்குச் சாதகமாகவும், அதே சிலுவையை வார்டில் அணியக் கேட்ட நர்ஸுக்கு எதிராகவும் சொன்னது. நோயாளி பிடித்து இழுத்தால் ஆபத்து என்பது காரணம். தாலிக்கும் இந்தக் கேள்வி வரும், வேலையில் சேரும்போதே கேட்டுவிடுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: முகத்தில் இறுக்கமாக ஒட்டும் மாஸ்க்குக்கு, காற்று கசியாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் உண்டு, தாடி இருந்தால் அதில் தேற முடியாது. தலையோடு மூடும் ஹூட் இருக்கிறதா என்று கார்த்திகை பிறக்கும் முன்பே விசாரியுங்கள்.

கருக்கலைப்பில் பங்கெடுக்க மனசாட்சி இடம் தராவிட்டால் மறுக்கலாம், 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அந்த இடம் இருக்கிறது. ஆனால் தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவருக்கு நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ செய்கிற சிகிச்சையில் மறுக்க முடியாது. 2014ல் கிளாஸ்கோவின் இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள், மற்ற நர்ஸ்களை மேற்பார்வை பார்ப்பதையும் மறுக்கலாம் என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, நேரடியாகச் செய்கிற வேலைக்கு மட்டும்தான் விலக்கு.

அப்புறம், நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிப்பது. நம்மூரில் சாதாரணம், சிலர் அதை ஊழியமாகவே நினைக்கிறார்கள். இங்கே வேண்டாம் என்று அழுத்தியே சொல்வேன். நோயாளிகளிடம் மதம் பேசிய ஒரு நர்ஸை வேலையைவிட்டு எடுத்தது சரிதான் என்று 2019ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. நோயாளியே ஜெபம் கேட்டால் ஆஸ்பத்திரி சாப்ளினுக்கு (நோயாளிகளின் ஆன்மீகத் தேவையைக் கவனிப்பவர்) சொல்லி அனுப்புங்கள். தொழுகைக்கோ ஜெபத்துக்கோ ஊழியர்களுக்கு அறை எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.