பின்டுபி மக்கள் ஊர் திரும்பிய வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில், பின்டுபி என்ற பூர்வகுடி மக்களின் கின்டோர் என்ற ஊர் 1981-இல் உருவானது என்று எந்தக் குறிப்பைத் திறந்தாலும் இருக்கும். தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி எழுத உட்கார்ந்தால் மூன்றாம் பத்தியிலேயே சரக்கு தீர்ந்துவிடும். அரசு அமைத்த பபுன்யா குடியிருப்பிலிருந்து பின்டுபி மக்கள் ஒரே மூச்சில் கிளம்பிவிடவில்லை. தண்ணீர் கிடைத்த இடமாகப் பார்த்து, கட்டம் கட்டமாக மேற்கே நகர்ந்தார்கள். அரசு அறிவிப்புகளைவிட ஆழ்துளைக் கிணறுகள்தான் இந்த வரலாற்றுக்கு நல்ல வழிகாட்டி.

திரும்பியதை எழுதுமுன் அவர்கள் போன கதையைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். வூமரா ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகளின் பாதை இவர்களின் நிலத்துக்கு மேலே போனது. 1960-களின் நடுப்பகுதி வரை அரசு ரோந்துக் குழுக்கள் மக்களைக் கிழக்கே கொண்டுவந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 240 கி.மீ. தொலைவிலுள்ள பபுன்யாவின் நெரிசலில் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பலர் நோயில் இறந்தார்கள். 1972-இல் பிரதமர் விட்லாமின் ஆட்சி வந்தபின் சிறு முகாம்களுக்கு மானியம் கிடைக்கத் தொடங்கியது. 1973-இல் பபுன்யாவுக்கு மேற்கே யாயாயியில் ஒரு பெரிய கூட்டம் குடியேறியது. 1976-இல் வடக்கு மண்டல நில உரிமைச் சட்டம், 1981-இல் கின்டோர், அடுத்த சில ஆண்டுகளில் மாநில எல்லையைத் தாண்டிக் கிவிர்குரா என்ற ஊர். இதுதான் முதுகெலும்பு. சதை சேர்ப்பதுதான் வேலை.

முதலில் கிணற்றுப் பதிவேடு. கின்டோரும் பபுன்யாவும் இருக்கும் வடக்கு மண்டலத்தில் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் பதிவு எண் உண்டு. அதன்கீழ் தோண்டிய நாள், ஆழம், நொடிக்கு எத்தனை லிட்டர், தண்ணீரின் வேதியியல் எல்லாம் இருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான்: தோண்டிய நாளையே குடியேறிய நாளாக எடுத்துக்கொள்வார்கள். தோண்டிய கிணறு பம்ப் இல்லாமல் மூடிக் கிடக்கலாம். பம்ப் பொருத்திய நாளைத் தனியாகத் தேடுங்கள். நீர்வரத்து எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். நொடிக்கு அரை லிட்டர் என்றால் 24 மணி நேரத்துக்கு 43,200 லிட்டர். டீசல் தீராமல் 8 மணி நேரம் ஓடினால் கிடைப்பது 14,400 மட்டுமே. உப்பையும் பாருங்கள். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 1,200 மில்லிகிராமைத் தாண்டினால் வாயில் வைக்க முடியாது. நைட்ரேட் 50 மில்லிகிராமைத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு ஆகாது. ஒரு முகாம் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்குச் சில சமயம் இந்த இரண்டு எண்களே பதில் சொல்லிவிடும்.

அடுத்து கோப்புகள். வடக்கு மண்டலம் 1911 முதல் 1978 ஜூலை 1 வரை கூட்டரசின் கையில் இருந்தது. ஆகவே அந்தக் காலத்துக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். அதற்குப் பிந்தையவற்றில் மண்டல அரசின் தாள்கள் தனி. ஆனால் குடியிருப்பு மானியம் கொடுத்தது கூட்டரசுத் துறை என்பதால் 1978-க்குப் பிறகும் கூட்டரசுக் காப்பகத்தை விட்டுவிடக் கூடாது. கிவிர்குராவுக்குப் பெர்த் போக வேண்டும், அது மேற்கு ஆஸ்திரேலியா. 1976 சட்டம் அங்கே செல்லாது. அந்த ஊருக்குப் பூர்விக நில உரிமைத் தீர்ப்பு 2001-இல்தான் வந்தது.

தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடாதீர்கள். 1950-களின் குறிப்புகளில் இதே மக்கள் 'பிண்டிபூ' என்று இருப்பார்கள், கின்டோர் 'வாலுங்குரு' என்றும் வரும். ஒருவரின் பிறந்த நாள் ஜூலை 1 என்றிருந்தால் அது பெரும்பாலும் அதிகாரி உத்தேசமாகப் போட்ட தேதி. அதை வைத்து வயது கணக்கிட்டால் மொத்தக் காலவரிசையும் கோணலாகும்.

ஓவியப் பதிவுகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. 1972-இல் தொடங்கிய பபுன்யா தூலா என்ற ஓவியர் நிறுவனத்தின் பட்டியல் எண்ணில் ஓவியரின் முதலெழுத்துகள், ஆண்டு, மாதம் அடங்கியிருக்கும். கூடவே எந்த இடத்தைப் பற்றிய ஓவியம் என்ற குறிப்பும் வரும். ஊர் திரும்பும் முன்பே அந்த நிலம் எப்படி நினைவில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். ஆனால் ஓவியத்தில் உள்ள இடத்தில்தான் ஓவியர் அப்போது வாழ்ந்தார் என்று எழுதிவிடக் கூடாது.

இவையெல்லாம் கைக்கு வந்த பிறகே மக்களிடம் போங்கள். பூர்வகுடி நிலங்களைக் கவனிக்கும் மத்திய நில மன்றத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்த நிலத்துக்குள் நுழைய முடியாது, எல்லைக்கு அப்பால் வேறு அனுமதி. "எந்த ஆண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஓர் ஆண்டைச் சொல்வார்கள். எந்த வண்டியில், யார் ஓட்டினார், வழியில் எங்கே தண்ணீர் பிடித்தீர்கள், அப்போது கைக்குழந்தை யார் என்று கேளுங்கள். வண்டி வாங்கிய மானியக் கோப்போடு அதைப் பொருத்தினால் ஆண்டு தானாக விழும். ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட செய்திகளைத் துருவாதீர்கள். புனிதத் தலங்களை வரைபடத்தில் குறிக்காதீர்கள். இறந்தவரின் பெயர், படம், குரல் மூன்றுக்கும் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். அவர்கள் மறுத்தால் 'குன்மனாரா' என்ற பொதுப்பெயரைப் போடுங்கள்.

1981-இல் நிறுத்திவிடாதீர்கள். 2001 வெள்ளத்தில் கிவிர்குரா காலியானது, மக்கள் மறுபடியும் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸுக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடந்தது இன்னொரு இடப்பெயர்வு. ஊரிலேயே சிகிச்சை கிடைக்க 2000-இல் சிட்னியில் ஓவியங்களை ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அச்சுக்குப் போகுமுன் வரைவை ஊரில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உறவுமுறைப் பிழைகள் அங்கேதான் பிடிபடும். இணைய இணைப்பை நம்பாமல், பெரிய எழுத்தில் தாளில் எடுத்த பிரதிகளைப் பள்ளிக்கும் ஊர் அலுவலகத்துக்கும் கொடுங்கள்.